கேற்றில் கொழுவிய கறி

என் கணவருக்கு வாதம் வந்தது ஆவணி மாதத்தில், கரையில் வைத்து. "கடலிலை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்கோ" என்று பார்க்க வந்த எல்லோரும் சொன்னார்கள். கரையில் வந்ததற்காக நான் சந்தோசப்பட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். நான் எல்லோருக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அதற்குள் சீனி போட்டேனா என்றுகூட இப்போது நினைவில்லை.

வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறியது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தார். பயிற்சி செய்தால் தடியூன்றி நடக்கலாம், கடலை மட்டும் மறந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். முப்பத்தைந்து வருடம் தொழிலுக்குப் போன மனிதர். படகும் வலையும் அவருடைய தம்பியின் கைக்குப் போயின. அது சரியான ஏற்பாடுதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் விறைத்துக் கிடக்குமே, நான் முழுதாக அப்படிக் கிடந்தேன். வேலை மட்டும் நடந்தது. அவரைக் குளிப்பாட்டினேன், உடுப்பு மாற்றினேன், மருந்து கொடுத்தேன், காலைப் பிடித்து மடக்கி நீட்டினேன். கல்யாணம் கட்டி வவுனியாவில் இருக்கும் ஒரே மகள் போன் எடுக்கும்போதெல்லாம் "எல்லாம் சரி பிள்ளை" என்று சொன்னேன். சொல்லும்போது பொய் சொல்கிறேன் என்றுகூடத் தோன்றவில்லை.

ஒன்றுதான் பழக்கத்துக்கு வர மறுத்தது. எங்கள் வீடு குருநகர்க் கரையிலிருந்து கூப்பிடு தூரம். விடியக் கோயில் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் படகுகள் வரத் தொடங்கும். எங்கள் என்ஜின் சத்தத்தை நூறு என்ஜினுக்குள் வைத்தாலும் நான் பிடித்துவிடுவேன். சத்தம் கேட்டதும் கேத்திலை அடுப்பில் வைத்தால், தண்ணீர் கொதிக்கவும் அவர் வாசலில் செருப்பைக் கழற்றவும் சரியாக இருக்கும். இப்போது அதே என்ஜினைத் தம்பி ஓட்டி வருகிறான். அதே நேரம், அதே சத்தம். நானும் எழும்பிக் கேத்திலை வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் ஆள் அறைக்குள் படுத்திருக்கிறார் என்பது நினைவுக்கு வரும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்காக இந்தப் பைத்தியக்காரத்தனம் நடந்தது.

அவரும் முழித்துக்கொண்டுதான் கிடப்பார். கடல் பக்க யன்னலைப் பூட்டச் சொல்லிவிட்டார். "காத்து" என்று காரணம் சொன்னார். காற்றுக்குப் பயப்படுகிற ஆளா அவர்? நான் ஒன்றும் கேட்காமல் பூட்டினேன். ஒரு நாளைக்கு அவர் பேசுவது நாலு சொல் தேறாது. ஓம், வேண்டாம், தண்ணி, காணும். அவ்வளவுதான்.

இனிக் கறியின் கதைக்கு வர வேண்டும். எங்கள் தெருவில் யாரும் மீன் வாங்குவதில்லை. படகு கரைக்கு வந்ததும், மீன் ஏலத்துக்குப் போகுமுன் வீட்டில் சமைக்க ஒரு பங்கை எடுத்து வைப்பார்கள். அதைக் கறி என்போம். தொழிலுக்குப் போகாமல் நிற்கும் வீடுகளுக்கும் சொந்தக்காரரின் படகிலிருந்து கறி போகும். கொடுப்பதில் ஒரு முறை உண்டு. ஆண் இருக்கிற வீடு என்றால் கொண்டுவருபவர் உள்ளே வருவார், கதிரையில் இருப்பார், தேத்தண்ணி குடிப்பார், எங்கே வலை போட்டோம், என்ன பட்டது என்று கதைத்துவிட்டுப் போவார். ஆண் இல்லாத வீடு என்றால் பையைக் கேற்றில் கொழுவி, "அக்கா, கறி" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விடுவார். அதுவும் மரியாதைதான். விடியற்காலையில் தனிப் பெண் இருக்கும் வீட்டுக்குள் ஓர் ஆண் நுழைந்தால் ஊர் வாய் சும்மா கிடக்குமா?

ஆஸ்பத்திரியால் வந்த மறுநாளே எங்கள் கேற்றில் பை தொங்கியது. "அண்ணி, கறி" என்று தம்பியின் குரல் கேட்டது. நான் போவதற்குள் ஆள் தெருமுனை தாண்டிவிட்டான். ஓரா மீனும் நாலைந்து நண்டும் இருந்தன. எடுத்தேன், கழுவினேன், சமைத்தேன். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. விறைத்துக் கிடந்தவளுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு மாதம் அப்படியே எடுத்தேன்.

பக்கத்து வீட்டு அக்காதான் என் கண்ணைத் திறந்துவைத்தாள். அவள் புருசன் போய்ப் பன்னிரண்டு வருடம். வாய் கொஞ்சம் நீளம், மனதில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலை அவளுடைய கேற்றிலும் ஒரு பை, என்னுடைய கேற்றிலும் ஒரு பை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுக்கப் போனோம். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி, இப்ப எனக்கும் உனக்கும் ஒரே முறைதான் போலை."

பகிடிக்குத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே முகம் மாறிவிட்டது. "சீ, நான் என்ன கதை கதைக்கிறன்" என்று வாயைப் பொத்தினாள். நான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அறையை எட்டிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உயிரோடு ஒரு மனிதர் கட்டிலில் கிடக்க, ஊர் என் வீட்டை ஆண் இல்லாத வீட்டுக் கணக்கில் போட்டுவிட்டது. அதுவும் வேறு யாரும் இல்லை, அவர் தோளில் தூக்கி வளர்த்த தம்பியே போட்டிருக்கிறான்.

அவனிடம் ஒரு வாய்ச் சொல் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. எனக்கு வீம்பு பிடித்தால் பிடித்ததுதான். அடுத்த நாள் "அண்ணி, கறி" என்ற குரல் கேட்டது. நான் குசினியை விட்டு அசையவில்லை. பை கேற்றிலேயே தொங்கியது. வெயில் ஏறியது. காகங்கள் பையைக் கிழித்துத் தெருவெல்லாம் இழுத்தன. பூனை ஒன்று தலையைக் கொண்டுபோனது. பின்னேரம் தம்பி சைக்கிளில் அந்த வழியால் போனான். கேற்றில் தொங்கிய கிழிந்த பையைப் பார்த்தான். யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று நான் அவனைப் பார்த்தேன். அவன் இறங்கவில்லை. எங்கள் ஆட்களிடம் எதையும் மறுக்கலாம், கறியை மட்டும் மறுக்கக் கூடாது. மறுத்தால் உன் உறவு எனக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அது தெரிந்துதான் செய்தேன்.

அதற்குப் பிறகு பை வரவில்லை.

பாலன் பிறந்த நத்தாரும் வருசப் பிறப்பும் போயின. முட்டைக் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய், திரும்பவும் முட்டை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. இடது கையால் நாலு வாய் தின்றுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். இளைத்துக்கொண்டே போனார். ஒரு நாள் கடையில் டின் மீன் வாங்கினேன். குருநகரில் மீன்பிடிக்காரன் வீட்டில் டின் மீன்! வெறும் டின்னைப் பேப்பரில் சுற்றி, அதை ஒரு பைக்குள் போட்டு, குப்பைக்குள் அடியில் தாட்டுவைத்தேன். களவெடுத்தவள்கூட இவ்வளவு பாடுபட மாட்டாள். அவர் அந்தக் கறியைத் தொடவே இல்லை.

தவக்காலம் தொடங்கியதும் மகள் போனில், "அப்பாவுக்கு மீன் குடுக்கிறீங்களோ அம்மா?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை" என்றேன். போனை வைத்துவிட்டு முடிவெடுத்தேன். மீன் வாங்குவது. எங்கள் சந்தையில் வாங்க முடியாது. அங்கே விற்கிறவர்களில் பாதிப் பேர் எனக்குச் சொந்தம், மீதிப் பேர் கோயிலில் பக்கத்து வாங்கில் இருப்பவர்கள். தெரிந்த முகம் இல்லாத இடமாக வேண்டும். இணுவில் என்று முடிவு செய்தேன். அங்கே தோட்டம் செய்கிறவர்களும் உத்தியோகக்காரரும்தான் இருப்பார்கள், என்னை யாருக்குத் தெரியும்?

பக்கத்து வீட்டு அக்காவை அவருக்குத் துணையாக இருத்திவிட்டு, பை ஒன்றை மடித்துக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு பஸ் ஏறினேன். இணுவிலில் இறங்கி இரண்டு பக்கமும் நடந்தேன். மீன் விற்கிற தட்டில் ஓர் ஈகூட இல்லை. மரக்கறிக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையிலை மீனோ அம்மா? இஞ்ச ஆர் வாங்குவினம்?"

வெள்ளிக்கிழமையில் இந்துக்கள் மீன் மச்சம் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. எங்களுக்குத் தவக்கால வெள்ளியென்றால் இறைச்சிதான் இல்லை, மீன் கட்டாயம் இருக்கும். அந்த நினைப்பிலேயே வந்துவிட்டேன். மீன் வாங்கத் தெரியாதவள் முதல் முதலாக வாங்கப் போன நாள் அந்த நாள். ஒரு கீரைப்பிடி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சனிக்கிழமை திரும்பவும் போனேன். இந்த முறை தட்டில் விளைமீன் இருந்தது. கண் மங்கிப்போயிருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், மண்ணிறம். எனக்கு மீனைப் பார்க்கத் தெரியும், வாங்கத்தான் தெரியாது. விலை கேட்கக்கூட வாய் வரவில்லை. இரண்டு மீனை விரலால் காட்டிவிட்டு நின்றேன். மீன்காரர் நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"எவடத்திலையிருந்து வாறியள்?"

"சுன்னாகம்" என்றேன்.

"நான் குருநகர் எண்டெல்லே நினைச்சன். செவுள் பாத்த விதம் அப்பிடி."

மிச்சக் காசைக்கூட எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியில் பையை வைத்திருந்தேன். ஐஸ் உருகித் தண்ணீர் சேலையில் இறங்கியது. கடலிலிருந்து எடுத்து ஊருக்குள் கொண்டுவந்த மீனை நான் திரும்பவும் கடற்கரைக்குக் கொண்டுபோகிறேன். சிரிப்பு வர வேண்டிய விசயம். வரவில்லை.

மத்தியானம் அவருக்குப் பிடித்த மாதிரிப் பழப்புளி கூட்டிக் குழம்பு வைத்தேன். கட்டிலில் நிமிர்த்தி இருத்திக் கோப்பையை மடியில் வைத்தேன். ஒரு வாய் எடுத்தார். மென்றார். நிறுத்தினார்.

"உது ஆரின்ரை மீன்?"

"தம்பி தந்தது."

"பொய்." சொல் குழறினாலும் அதில் பழைய அதிகாரம் இருந்தது. "உது ரெண்டு மூண்டு நாள் ஐசிலை கிடந்தது. உப்பிடி ஒண்டை அவன் எங்கடை வீட்டுக்குத் தரமாட்டான்."

ஆறேழு மாதத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, வாய் திறந்துவிட்டது.

"அவன் இப்ப தாறதில்லை. நான்தான் எடுக்காமல் விட்டனான். கேற்றிலை கொழுவிப்போட்டு ஓடுறவன்ரை கறி எனக்கு என்னத்துக்கு? நீங்கள் உள்ளுக்கை இருக்கிறியள். ஒரு நாள், ஒரேயொரு நாள் உள்ளை வந்து அண்ணை எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டவனோ? நான் என்ன தாலியறுத்தவளோ?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய வாயின் ஓரத்தில் குழம்பு வழிந்தது. வழக்கமாக நான் உடனே துடைத்துவிடுவேன். அன்றைக்குத் துடைக்கவில்லை.

"நான்தான் சொன்னனான்" என்றார்.

"என்னத்தை?"

"உள்ளை வரவேண்டாமெண்டு. கேற்றோடை போ எண்டு. ஆசுப்பத்திரியிலை வைச்சு."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. "ஏன்?"

"வந்தால் கதைப்பான். என்ன பட்டது, எங்கை பட்டது எண்டு." மூச்சு வாங்கினார். "என்னாலை கேக்கேலாது."

நான் அந்த இடத்திலேயே நின்றேன். இத்தனை மாதமும் அசையாமல் கிடந்த ஒன்று உள்ளே அசைந்தது. அழுகை என்று நினைத்தேன். இல்லை, கோபம். நல்ல, சூடான கோபம். அது வந்ததில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது, உண்மையைச் சொன்னால்.

"அப்ப நீங்கள்தான் என்னைத் தாலியறுத்தவளாக்கினது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம்" என்றார்.

அதற்கு மேல் அந்த வீட்டுக்குள் நிற்க என்னால் முடியவில்லை. சேலை மாற்றவும் இல்லை. தம்பியின் வீடு அடுத்த ஒழுங்கையில்தான். அவன் மரத்தடியில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். ஐம்பதை எட்டப் போகிறவன், என் முன்னால் பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி நின்றான்.

"பையைக் காகம் தின்ன விட்டது நான்தான்" என்றேன்.

"தெரியும் அண்ணி."

"உன்ரை அண்ணை உனக்குச் சொன்னது எனக்குத் தெரியாது. இண்டைக்குத்தான் சொன்னவர்."

அவன் வலை பொத்தும் ஊசியைப் பார்த்தபடி கதைத்தான். "ஒவ்வொரு நாளும் கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டுபோட்டுத்தான் குரல் குடுத்தனான். உள்ளை வந்தால் இனிமேல் என்ரை முகத்திலை முழிக்காதை எண்டு சொன்னவர். நான் என்ன செய்ய?"

"திங்கள் உள்ளை வா."

"அண்ணை ஏசுவார்."

"ஏசட்டும். ஏசினால் வாங்கு."

ஞாயிறு பூசை என்பதால் சனி இரவு எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை, ஞாயிறு இரவுதான் திரும்பப் போவார்கள். சனி மத்தியானத்திலிருந்து திங்கள் காலைவரை நானும் அவரும் கதைக்கவில்லை. குளிப்பாட்டினேன், மருந்து கொடுத்தேன், காலை மடக்கி நீட்டினேன். தம்பி வரப்போகிறான் என்று சொல்லவும் இல்லை. சொன்னால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் அதை மீற எனக்குத் துணிவு வராது. அவன் வராமல் விட்டால் இந்த வீடு எப்போதைக்கும் ஆண் இல்லாத வீடாகவே போய்விடும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

திங்கள் விடிய என்ஜின் சத்தம் கேட்டது. கேத்திலை வைத்தேன். கேற் திறக்கிற சத்தம் கேட்டது. செருப்புக் கழற்றுகிற சத்தமும் கேட்டது. தம்பி ஈரச் சாரத்தோடு நேரே அறைக்குள் போய்க் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான். அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தேன். தம்பி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோயில் முகட்டு வேலையைப் பற்றிக் கதைத்தான். பிறகு தன் மகளின் பள்ளிக்கூடச் சோதனையைப் பற்றி, யாருடைய மோட்டார் சைக்கிளையோ பற்றி. கடலைப் பற்றி ஒரு சொல் இல்லை. கதை தீர்ந்துபோனது. தேத்தண்ணியும் முடிந்தது. அவன் எழும்பினான். நான் வாசலில் நின்று, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"வலை ஏன் கிழிஞ்சது?"

சுவரைப் பார்த்தபடியே அவர்தான் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். அவனுடைய கையில் வலை நூலின் வெட்டுக் காயங்கள் இருந்தன. அதை எப்போது பார்த்தாரோ தெரியாது.

"பாரிலை மாட்டினது அண்ணை." பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் கல்.

"எந்தப் பாரிலை?"

தம்பி இடத்தைச் சொன்னான். அவர் திரும்பினார். இடது கையைக் கட்டிலில் ஊன்றித் தானாகவே எழும்பப் பார்த்தார். "இந்தத் தண்ணிக்கு உங்கை கொண்டுபோய் ஆரடா வலை போடச் சொன்னது? கண் தெரியாதோ உனக்கு? நீரோட்டம் எந்தப் பக்கம் எண்டு பாக்கிறேல்லையோ? எத்தினை தரம் சொல்லியிருக்கிறன் மடையா!" எச்சில் தெறித்தது. பாதிச் சொல் விளங்கவே இல்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று வாங்கிக்கொண்டிருந்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை.

அவன் போன பிறகு நான் குசினிக்குப் போய் அவன் கொண்டுவந்த மீனை வெட்டத் தொடங்கினேன். அறைக்குள் ஒரு சத்தம் கேட்டது. அவர் அழுதார். வாய்விட்டு, விக்கி விக்கி அழுதார். தன் தாய் தகப்பனை அடக்கம் செய்த நாட்களில்கூட இப்படி அழாதவர். நான் உடனே போகவில்லை. ஆறேழு மாதமாக உள்ளே பூட்டி வைத்ததை அழட்டும் என்று விட்டேன். அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகு வாசலில் போய் நின்றேன். கையெல்லாம் செதில்.

"நாளைக்கும் வரச் சொல்லட்டோ?"

அவர் இடது கையால் முகத்தைத் துடைத்தார்.

"வரட்டும்" என்றார். "ஆனா அவன் கதைக்கேக்கை நீயும் இஞ்ச இரு. என்னைத் தனிய விட்டிட்டுக் குசினிக்கை போகாதை."

நான் கையைக்கூடக் கழுவவில்லை. போய்க் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.